கிராங்க் எத்தனைக்கு நிக்குது?

கல்குடாவில் நான் வழமையாகத் தேத்தண்ணி குடிக்கும் கடையில் அண்மையில் ஒரு தம்பி வந்து எனக்கு முன்னால் அமர்ந்தார். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர். இதுவரை வாடகை லொறியில்தான் ஏற்றினார். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கும் எண்ணம். பழைய டாட்டா 1613 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி.

"அண்ணன், மீற்றரில ஏழு லெட்சம் கிலோமீற்றர் காட்டுது. எஞ்சின் இன்னும் எவ்வளவு ஓடும்?"

இதே கேள்வியோடு இந்த ஊரில் இன்னும் பலர் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசு முழுதாகத் திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த லொறிகளே கைமாறிக் கைமாறி ஓடின. புது லொறியின் விலை இன்றும் சிறு வியாபாரிக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே ஒரு பழைய எஞ்சினின் ஆயுளைக் கணிக்கத் தெரிவது எங்களுக்குச் சோற்று விடயம். என் தகப்பனார் லொறி ஓட்டியவர். நான் வளர்ந்தது கராஜ் வாசல்களில். அங்கே கண்டதையும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதையும் அந்தத் தம்பிக்குச் சொன்ன ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். 1613 என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் லொறியும் சுமையும் சேர்ந்த எடை, 16 தொன். பின் இரண்டு இலக்கங்கள் வலு, ஏறத்தாழ 130 குதிரைவலு. அதற்குள் இருக்கும் எஞ்சினின் பெயர் 697. அதையும் பிரித்துப் படிக்கலாம். 6 என்றால் ஆறு சிலிண்டர். 97 என்றால் ஒவ்வொரு சிலிண்டரின் வாயும் 97 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறி இறங்கும் உயரம் 128 மில்லிமீற்றர். டாட்டா நிறுவனம் 1954 முதல் 1969 வரை மெர்சிடிஸ் பென்ஸோடு கூட்டாக லொறி கட்டியது. இந்த 97க்கு 128 என்ற அளவு பென்ஸ் எஞ்சின் ஒன்றின் அளவேதான். அசோக் லேலண்டின் பழைய 400 எஞ்சினுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஆறு சிலிண்டரின் கொள்ளளவையும் கூட்டினால் 400 கன அங்குலம். அது ஆறரை லீற்றர்.

இந்த எண்களில்தான் நெடிய ஆயுளின் முதல் காரணம் இருக்கிறது. 697இன் கொள்ளளவு 5.7 லீற்றர். அதிலிருந்து எடுக்கும் வலு 130. ஒரு லீற்றருக்கு 23 குதிரைவலுதான் வருகிறது. இன்றைய சிறிய டேர்போ கார் ஒன்று ஒரே லீற்றரில் நூறு குதிரைவலு தருகிறது. பத்துப் பேர் தூக்கும் சுமையை நாற்பது பேர் தூக்கினால் யாருக்கும் முதுகு முறியாது. லொறி எஞ்சினில் ஒவ்வொரு அவுன்ஸ் இரும்புக்கும் விழும் பாரம் குறைவு. சுற்றுவதும் நிதானமாக.

நிதானம் என்றாலும் அது செய்யும் வேலை கொஞ்சமல்ல. தம்பியின் கையிலிருந்த சிகரெட் பெட்டி மட்டையை வாங்கி அதில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய லொறிகள் இதைவிடக் கூடவே சுற்றும். கணக்குக்கு இது போதும். ஒரு கிலோமீற்றர் ஓட ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் 1,500 முறை ஏறி 1,500 முறை இறங்கும். ஏறவும் இறங்கவும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 25.6 சென்ரிமீற்றர். பெருக்கினால் 384 மீற்றர். லொறி ஒரு கிலோமீற்றர் போக, பிஸ்டன் தன் சிலிண்டருக்குள்ளேயே 384 மீற்றர் நடக்கிறது. பத்து லட்சம் கிலோமீற்றர் ஓடிய லொறியில் ஒரு பிஸ்டன் நடந்த தூரம் 3,84,000 கிலோமீற்றர். இங்கிருந்து சந்திரனுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய அதுதான்.

தம்பி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்பும் இரும்பும் உரசிச் சந்திரன் வரைக்கும் போகுமா அண்ணன்?"

போகாது. இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் கொழும்புக்கே போய்ச் சேராது. அவை தொடுவதில்லை. இடையில் ஒயில் இருக்கிறது. ஓடும் எஞ்சினில், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டு தன் பெயாரிங்கில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒயிலின் மேல் மிதக்கிறது. அந்த ஒயில் படலம் எங்கள் தலைமுடியின் தடிப்பைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆனால் தண்டு சுற்றும் வேகமே ஒயிலை இழுத்து அடியில் திணித்து, தண்டைத் தூக்கிப் பிடித்து வைக்கிறது. மழை வெள்ளத்தில் வேகமாகப் போகும் சில்லு தார் றோட்டைத் தொடாமல் தண்ணீரின் மேல் வழுக்குமே, அந்த மாதிரி. றோட்டில் அது ஆபத்து. எஞ்சினுக்குள் அதுதான் உயிர்.

அப்படியென்றால் தேய்வது எப்போது? படலம் இல்லாத நேரத்தில். அந்த நேரங்கள் எவையென்று தெரிந்தால் எஞ்சினின் ஆயுள் ரகசியம் பாதி தெரிந்த மாதிரி.

முதலாவது, விடியற்காலை ஸ்டார்ட். இரவு முழுக்க நின்ற எஞ்சினில் ஒயில் கீழே வடிந்துவிடும். திறப்பைத் திருப்பிய பிறகு பம்ப் அதை மேலே அனுப்பி அழுத்தம் கட்டச் சில நொடிகள் எடுக்கும். அந்த நொடிகளில்தான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் முழுதாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலையும் கழுவிவிடும். ஆகவே ஒரே ஸ்டார்ட்டில் கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தை வரைக்கும் ஓடுகிற லொறிக்கு அந்த முந்நூறு கிலோமீற்றர் பெரிய பாரமல்ல. புணானை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை என்று சமதரையில் ஒரே சீராகப் போகும். மலை ஏற்றமும் இல்லை. ஊருக்குள் வீதி வீதியாக மீன் விற்கும் டிமோ பட்டா என்ற சின்ன லொறிக்கு ஒரு காலையிலேயே இருபது ஸ்டார்ட். மீற்றரில் நாற்பது கிலோமீற்றர்தான் ஏறியிருக்கும். தேய்மானம் அந்த எண்ணில் தெரியாது. மீற்றரை மட்டும் பார்த்து எஞ்சினை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது இடம் சிலிண்டரின் மேல் விளிம்பு. பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்பும்போது ஒரு கணம் நிற்கிறது. வேகம் இல்லாவிட்டால் படலமும் இல்லை. அதே கணத்தில்தான் மேலே டீசல் பற்றுகிறது. வெறும் காற்றை அமுக்கிய சூட்டிலேயே, ஐந்நூறு பாகைக்கு மேல் ஏறிய சூட்டில், தீக்குச்சி இல்லாமல் பற்றுகிற நெருப்பு அது. அந்த அழுத்தம் பிஸ்டனின் றிங்கை வெளியே தள்ளிச் சுவரோடு அழுத்துகிறது. அதனால்தான் சிலிண்டர் சமமாகத் தேய்வதில்லை. உச்சியில் மட்டும் கூடத் தேயும்.

கராஜில் கழற்றிப் போட்ட லைனர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரும்புக் குழாய்தான். உள்ளே ஆட்காட்டி விரலை விட்டு, அடியிலிருந்து மேலாகத் தடவிக்கொண்டு வாருங்கள். வழுவழுவென்று வரும் விரல், வாய்க்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன வரம்பில் தட்டும். வயல் வரம்பைப் போல. றிங் போய்த் திரும்பும் எல்லை அது. அதற்கு மேலே றிங் போகாததால் அங்கே தேய்மானம் இல்லை, புது அளவு அப்படியே இருக்கும். வரம்பின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் அந்த எஞ்சின் தேய்ந்தது. அது கால் மில்லிமீற்றர் ஆகும் முன்னரே எஞ்சின் ஒயில் குடிக்கத் தொடங்கிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் புது லைனரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும், பன் பாயின் பின்னலைப் போல. வேண்டுமென்றே போட்ட கீறல்கள். ஒயிலைத் தேக்கி வைக்க. அவை அழிந்து கண்ணாடியாய் மினுங்கினால் அந்த லைனரின் காலம் முடிந்தது.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்த லைனர் ஏன் தனியாகக் கழன்று வருகிறது? எஞ்சின் பிளொக்கிலேயே துளை போட்டுவிட்டால் செலவு குறைவு. பல கார் எஞ்சின்கள் அப்படித்தான். கன ரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் தேய்கிற சுவரைத் தனிக் குழாயாகச் செய்து செருகியிருக்கிறார்கள். தேய்ந்தால் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியது போடலாம். பிளொக் அப்படியே இருக்கும். லைனர் இல்லாமல் வரும் லொறி எஞ்சின்களிலும் துளையைப் பெருப்பித்து ஸ்லீவ் அடிக்க இடம் விட்டிருப்பார்கள்.

பெயாரிங்கும் அப்படித்தான். ஓட்டமாவடியில் உதிரிப்பாகம் விற்கும் காக்கா ஒருவர் எனக்குச் சின்ன வயதில் காட்டித்தந்தது இது. பாதி வளையமாக இருக்கும் பெயாரிங் தகட்டின் முகம் மங்கிய சாம்பல் நிறம். அது ஈயமும் தகரமும் கலந்த மென்மையான பூச்சு. அதன் கீழே செம்பு கலந்த படை. அதற்கும் கீழே உருக்கு. கழற்றிய தகட்டில் சாம்பல் நிறம் போய்ச் செம்பு தெரிந்தால் அதை எறிந்துவிட வேண்டும். ஏன் இவ்வளவு மென்மையாகச் செய்தார்கள்? ஒயிலோடு ஒரு மணல் துகள் வந்தால் அது அந்த மென்மையில் புதைந்துவிடும். விலை கூடிய கிராங்க் தண்டைக் கீறாது.

நான் சொல்ல வருவதும் இதுதான். நெடுங்காலம் வாழும் எஞ்சினுக்குள்ளே, அதற்காகத் தேய்ந்து போகவென்றே சிலவற்றை வைத்திருக்கிறார்கள். லைனர் தேய்ந்து பிளொக்கைக் காக்கிறது. பெயாரிங் தேய்ந்து கிராங்கைக் காக்கிறது. ஒயில் கறுத்துச் செத்து இரண்டையும் காக்கிறது. பில்டர் அடைத்துச் செத்து ஒயிலைக் காக்கிறது. இவற்றை உரிய நேரத்தில் மாற்றிக்கொண்டு வந்தால் உள்ளே இருக்கும் எலும்பு தேயாது. மாற்றாமல் மிச்சம் பிடித்தால், நாளை அதே காசின் பத்து மடங்குக்கு எலும்பு தேயும்.

எலும்பும் ஒரு நாள் தேயும்தான். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிராங்க் தண்டில் கீறல் விழுந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சீராக அரைத்து எடுப்பார்கள். அரைத்ததால் தண்டு மெலியும். அதற்கு ஈடாகத் தடித்த பெயாரிங் கடையில் கிடைக்கும். அளவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு: பத்து, இருபது, முப்பது, நாற்பது. பத்து என்றால் கால் மில்லிமீற்றர். நாற்பது என்றால் ஒரு மில்லிமீற்றர். கொம்பனியில் இருந்து வந்த அளவுக்கு 'ஸ்ராண்டர்ட்' என்று பெயர். ஒரு தண்டு ஸ்ராண்டர்டில் ஒரு ஆயுள் ஓடும். பத்துக்கு அரைத்து ஒன்று, இருபதுக்கு ஒன்று என்று போகும். எதுவரை அரைக்கலாம் என்பது எஞ்சினைப் பொறுத்தது. தண்டின் மேல்தோலை மட்டுமே சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள். அளவு மீறி அரைத்தால் அந்தத் தோல் போய் மென்மையான உள்ளிரும்பு வெளியே வந்துவிடும். ஆக, இத்தனை பெரிய லொறியின் நாலைந்து ஆயுளும் ஒரே மில்லிமீற்றருக்குள் அடங்கியிருக்கிறது.

அதனால்தான் அனுபவப்பட்ட மெக்கானிக் எவரும் "எத்தனை லட்சம் ஓடினது?" என்று முதலில் கேட்பதில்லை. "கிராங்க் எத்தனைக்கு நிக்குது?" என்றுதான் கேட்பார். மீற்றரில் ஏழு லட்சம் காட்டினாலும் தண்டு இன்னும் ஸ்ராண்டர்டில் நின்றால் அது கவனமாக வளர்ந்த பிள்ளை. மூன்று லட்சம்தான் ஓடியிருக்கிறது, தண்டு முப்பதுக்கு நிற்கிறது என்றால் அந்த எஞ்சின் படாத பாடு பட்டிருக்கிறது.

தம்பி இரண்டாவது தேத்தண்ணிக்குச் சொன்னார். மறுகா கேட்டார்: "அப்ப எங்கட ஊர் லொறி எதால அழியுது அண்ணன்?"

மூன்று விடயம் சொன்னேன். மூன்றும் கல்குடாவில் கண்டவை.

ஒன்று, மணல். எஞ்சின் டீசல் குடிப்பதை நாங்கள் கணக்குப் பார்க்கிறோம். அது குடிக்கும் காற்றை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 697 எஞ்சின் 1,500 சுற்றில் ஒரு மணித்தியாலம் ஓடினால் இரண்டரை லட்சம் லீற்றர் காற்றை இழுக்கும். பத்தடி நீள, பத்தடி அகல, பத்தடி உயர அறையில் இருக்கும் காற்றைப் போல் ஒன்பது மடங்கு. டேர்போ இருந்தால் அதற்கும் மேல். கடற்கரை வாடியில் மீன் ஏற்ற நிற்கும் லொறி, கிரவல் றோட்டில் போகும் லொறி, எல்லாம் அந்தக் காற்றோடு மணலையும் இழுக்கின்றன. மணல் துகள் எஞ்சின் இரும்பைவிடக் கடினமானது. எயார் பில்டரில் ஒரு கிழிசல், அல்லது பில்டருக்குப் பிறகு வரும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும். மணற்கடதாசியால் லைனரைத் தேய்த்த மாதிரித்தான். லட்சக்கணக்கில் ஓட வேண்டிய லைனர் சில மாதங்களில் முடிந்துவிடும். லொறி வாங்கப் போகிறவர் முதலில் அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் தூசி வந்தால் மேலே ஒன்றும் பார்க்கத் தேவையில்லை.

இரண்டு, தண்ணீர். றேடியேற்றருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது இங்கே பழக்கம். கடற்கரைக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு எஞ்சினின் உள் வாய்க்கால்களிலும் படியும். சூடு வெளியேற வழியில்லாமல் ஹெட் வளையும். இன்னொன்றும் நடக்கும். தண்ணீரில் நேரே நனைந்திருக்கும் லைனர்கள், ஒவ்வொரு வெடிப்புக்கும் மணி அடித்த மாதிரி அதிரும். அந்த அதிர்வில் அவற்றின் வெளிமுகத்தில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடையும். உடையும்போது இரும்பைக் கொத்தும். நாளடைவில் லைனரில் ஊசித் துளை விழுந்து தண்ணீர் ஒயிலுக்குள் போய்விடும். இதைத் தடுக்கத்தான் கூலன்ற்றில் மருந்து கலந்திருக்கிறார்கள். நிறத்துக்காக அல்ல.

தேமோஸ்ரற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எங்கட வெயிலுக்கு அது தேவையில்லை" என்று கழற்றி எறிகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. எஞ்சின் சூடாகாமல் ஓடுகிறது என்று சந்தோசப்படுவார்கள். டீசலில் கந்தகம் உண்டு. லங்கா ஒட்டோ டீசலில் சூப்பர் டீசலைவிடக் கூட. அது எரிந்து வரும் புகை, குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பனித்து அமிலமாகும். சூடான சுவரில் அப்படிப் பனிக்காது. 80 பாகையை ஒட்டி எஞ்சினை வைத்திருக்கத்தான் அந்தச் சின்னக் கதவு. அதைக் கழற்றியவர் எஞ்சினைக் காப்பாற்றியதாக நினைப்பார். உள்ளே லைனரை அமிலம் தின்றுகொண்டிருக்கும்.

மூன்று, அசுத்த டீசல். 2022இல் நாட்களாக வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. கிடைத்த டீசலைக் கானிலும் பீப்பாயிலும் சேர்த்து வைத்தோம். பீப்பாயின் அடியில் தண்ணீர் தேங்கியது, பூஞ்சணம் பிடித்தது. பழைய எஞ்சின்களின் நொசில்கள் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறப்பவை. கொஞ்சம் ஊத்தையைப் பொறுத்துக்கொள்ளும். புதிய கொமன் றெயில் எஞ்சின்களில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேல். அதன் நொசிலுக்குள் இருக்கும் இடைவெளிகள் மைக்ரோன் கணக்கு. அங்கே ஒரு துளி தண்ணீரும் கத்தி. புதிய எஞ்சின்களின் உடம்பு பழையவற்றைவிட நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. உலோகமும் ஒயிலும் முன்னேறியிருக்கின்றன. 13, 15 லீற்றர் நெடுஞ்சாலை எஞ்சின்கள் பத்து லட்சம் மைல், அதாவது 16 லட்சம் கிலோமீற்றர் பிரிக்காமல் ஓடுவது வெளிநாடுகளில் அதிசயமில்லை. ஆனால் அவற்றின் பலவீனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. சென்சரும் வயரும் நொசிலும் முதலில் போகும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அது இன்னும் சுருக்கப் போகும். புது லொறி வாங்குகிறவர் டீசல் பில்டருக்கும் அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பதற்கும் காசு ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

"ஒயில் கறுத்தால் உடனே மாத்தோணுமா?" என்று இடையில் கேட்டார். எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம் இது. டீசல் எஞ்சினில் ஒயில் புதிதாக ஊற்றிய அன்றே கறுக்கும். அது கெட்டதற்கு அடையாளம் அல்ல. புகைக்கரியைக் கட்டிப்படாமல் தனக்குள் மிதக்க வைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அந்தத் தம்பியின் கிளாசின் அடியில் தேயிலைத் தூள் படிந்திருந்ததைக் காட்டினேன். நல்ல ஒயில் இப்படிப் படியவிடாது. கரியைச் சுமக்கும் இடமும் அமிலத்தை அணைக்கும் மருந்தும் ஒயிலில் ஒரு அளவுதான் உண்டு. அளவு நிரம்பினால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நிறத்தைப் பார்க்காமல் கிலோமீற்றரை எழுதி வைத்து மாற்ற வேண்டும். மீற்றரின் உண்மையான உபயோகம் அங்கேதான்.

எஞ்சினின் ஆயுளை உற்பத்தியாளர்கள் எப்படிச் சொல்வார்கள் என்பதையும் விளக்கினேன். "பி10" என்று ஒரு அளவு உண்டு. நூறு எஞ்சினை ஓட விட்டால் அதில் பத்து, பெரிய வேலைக்கு வந்துவிடும் தூரம் அது. மிச்சம் தொண்ணூறு ஓடிக்கொண்டிருக்கும். "பி50" என்றால் பாதிக்குப் பாதி. ஒரு எஞ்சின் இத்தனை கிலோமீற்றர்தான் ஓடும் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று பத்திலும் மற்றது தொண்ணூறிலும் போய்ச் சேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதை வைத்திருந்தவர்.

இதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. லொறியல்ல, ரயில். 1954 முதல் கொழும்புத் திட்ட உதவியாகக் கனடா தந்த எம்2 ரயில் எஞ்சின்கள் இலங்கைக்கு வந்தன. கனடாவின் மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். உள்ளே இருப்பது 567 என்ற டீசல் எஞ்சின். ஒரு சிலிண்டர் 567 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். பன்னிரண்டு சிலிண்டர். நிமிடத்துக்கு 835 சுற்றுக்கு மேல் போகாது. பிஸ்டன், லைனர், ஹெட் எல்லாம் சேர்ந்த ஒரு சிலிண்டர் தொகுதியை மட்டும் தனியே தூக்கி எடுத்துப் புதியது வைக்கும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். தேய்வது தேயட்டும், மற்றது நிலைக்கட்டும் என்ற அதே யோசனைதான். எழுபது வருடத்தை எட்டிய பிறகும் அவற்றில் சில ஓடின.

அவற்றில் ஒன்று 591ஆம் இலக்க 'மனிட்டோபா'. 2004 டிசம்பர் 26 காலை, காலிப் பக்கம் பெரலியவில் சுனாமிக் கடல் ஏறி ஒரு ரயிலைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டார்கள். அந்த ரயிலை இழுத்து வந்தது 591தான். அதே காலையில் எங்கள் கல்குடாவிலும் கடல் வந்து வீடுகளையும் ஆட்களையும் கொண்டுபோனது. உப்புத் தண்ணீரில் கிடந்த 591ஐ மீட்டு, பிரித்து, திருத்தி மறுபடியும் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். வருடாவருடம் அந்த நாளில் அது பெரலியவுக்குப் போய் நிற்கிறது. உப்புத் தண்ணீரில் மூழ்கிய எஞ்சினைப் பிழைக்க வைக்க முடியும் என்று அப்போது இங்கேயும் சிலர் அறிந்திருந்தார்கள். அவர்கள் செய்தது எளிய காரியம். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. நல்ல தண்ணீரால் கழுவி, ஒயிலை வடித்து, டீசல் ஊற்றிக் கழுவி, மறுபடி ஒயில் ஊற்றி, கையால் மெல்லச் சுற்றினார்கள். அவசரப்பட்டுத் திறப்பைத் திருப்பியவர்களின் எஞ்சின்களில் சிலிண்டருக்குள் இருந்த தண்ணீர் அமுங்க மறுத்து, பிஸ்டன் தண்டையே வளைத்தது.

அடுத்த நாள் விடியவே இருவருமாக லொறியைப் பார்க்கப் போனோம். விடியவே போனதற்குக் காரணம் உண்டு. விற்கிறவர் முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்துவிட்டால் நோய் தெரியாது. நான் முதலில் எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தோம். றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தோம், ஒயில் பாடை இல்லை. ஸ்டார்ட் பண்ணியதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, சூடு ஏற ஏறக் குறைந்தது. அது குளிரில் எரியாத டீசல். குறையாமல் வந்திருந்தால் தண்ணீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். இருபது நிமிடம் ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தோம். மெல்லிய ஆவிதான். றிங் தேய்ந்திருந்தால் ரயில் புகைபோக்கியைப் போல் அடித்திருக்கும். சூடான எஞ்சின் மெதுவாக நின்று ஓடும்போதும் ஒயில் அழுத்த முள் விழாமல் நின்றது. பெயாரிங் நலமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று.

நிறுத்துவதற்கு முன் உரிமையாளர் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டார். நாங்கள் கேட்காமலே செய்தார். இந்த லொறியின் டேர்போவுக்குள் சூடு இறங்க அந்த நேரம் வேண்டும். ஓடி வந்த கையோடு நிறுத்தினால் அங்கே நிற்கும் ஒயில் வெந்து கரியாகிவிடும். அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு தம்பி தன் கேள்வியைக் கேட்டார்.

"ஐயா, கிராங்க் எத்தனைக்கு நிக்குது?"

அந்தப் பெரியவர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். லொறிக்குள் ஏறி, சீற்றுக்குப் பின்னாலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து வந்து நீட்டினார். "பத்துக்கு நிக்குது மகன். ஒருக்காத்தான் இறக்கினது. எல்லாம் இதில இரிக்கி." உள்ளே வரிவரியாகத் திகதி, கிலோமீற்றர், ஒயில், பில்டர், பெல்ட், கூலன்ற். எழுத்து மூன்று கைகளில் மாறியிருந்தது. கடைசிப் பக்கங்கள் அவருடையவை.

விலை பேசி முடிய ஒரு கிழமை ஆனது. லொறி கைமாறிய அன்று தம்பி கொப்பியையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாலை கடைக்கு வந்து என் முன்னால் அதை விரித்து, பேனை கேட்டார். அன்றைய திகதியைப் போட்டு, மீற்றர் எண்ணைப் போட்டு, பக்கத்தில் எழுதினார்: ஒயில் மாற்றியது, ஒயில் பில்டர், டீசல் பில்டர், தேமோஸ்ரற் புதிது. கொப்பியில் அது நாலாவது கையெழுத்து.